ஹற்றன் கணக்கில் தொண்ணூறு நாள்: புறக்கோட்டைக் கடையொன்றில் மாணவர் கட்டிய தகவல் முறைமை

புறக்கோட்டை நான்காம் குறுக்குத்தெருவில் செத்தல் மிளகாய், பெரிய வெங்காயம், பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் கடையொன்றிலிருந்து ஒரு திங்கட்கிழமை காலை ஹற்றனுக்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போனது. “அண்ணன், உங்கட கணக்கில தொண்ணூறு நாளுக்கு மேல காசு நிக்குதெண்டு காட்டுது” என்றார் முதலாளியின் மகன். மறுமுனையில் இருந்தவர் அந்தக் கடையில் இருபது வருடத்துக்கு மேலாகச் சரக்கு எடுப்பவர். “சரி தம்பி” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அடுத்த நாள் அவருடைய லொறி வந்தது. சாரதி பையைத் திறந்து நிலுவை முழுவதையும் காசாக எண்ணி வைத்தார், பற்றுச்சீட்டு வாங்கினார், ஒரு மூட்டைகூட ஏற்றாமல் திரும்பிப் போனார்.

அந்தத் தொண்ணூறு நாளைக் கணக்கிட்டது என் மாணவர் நால்வர் எழுதிய மென்பொருள். அது என்ன செய்யவேண்டும் என்று எழுதிய தேவை ஆவணத்தில் மேற்பார்வையாளர் என்ற இடத்தில் இருப்பது என் கையெழுத்து.

இதை எழுதுவதற்கு மாணவரிடமும் முதலாளியிடமும் கணக்கப்பிள்ளையிடமும் அனுமதி கேட்டேன். ஹற்றன் வியாபாரியிடம் முதலாளியே கேட்டுச் சொன்னார். பெயர் வராவிட்டால் சரி என்றார்கள். தொகைகளை மாற்றியிருக்கிறேன், நடந்த வரிசையை மாற்றவில்லை.

நால்வரும் அவர்கள் படிப்பும்

தகவல் முறைமைப் பொறியியல் என்றால் என்னவென்று வீட்டில் கேட்டால் பிள்ளைகள் “கம்பியூட்டர்” என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். பாதிதான் சரி. கணினி விஞ்ஞானம் படிப்பவர் ஒரு தேடல் எவ்வளவு விரைவாக முடியும் என்று பார்ப்பார். தகவல் முறைமை படிப்பவர் அதோடு, யார் தேடுகிறார், எதற்காகத் தேடுகிறார், கிடைத்ததை வைத்து அடுத்து என்ன செய்கிறார் என்றும் பார்க்கவேண்டும். தரவுத்தளம், நிரலாக்கம், வலையமைப்பு இரு பக்கமும் பொது. இந்தப் பக்கத்தில் கணக்கியலும் நிறுவன நடத்தையும் தேவைப் பகுப்பாய்வும் செயற்றிட்ட முகாமைத்துவமும் கூடவே வரும். கொழும்பில் இதைப் படிக்கப் பல ஆண்டுகளாகவே வழி உண்டு. 2002இல் உருவான கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி ரீட் அவெனியூவில் இருந்துகொண்டு தகவல் முறைமைக்கென்றே ஒரு பட்டம் கொடுக்கிறது. 1999இல் தொடங்கிய எஸ்.எல்.ஐ.ஐ.ரி. (இலங்கைத் தகவல் தொழினுட்ப நிறுவனம்) மாலபேயில் தகவல் முறைமைப் பொறியியலை ஒரு சிறப்புத்துறையாக வைத்திருக்கிறது. எங்கு படித்தாலும் நடுவில் ஒரு கட்டம் வரும்: மூன்று நான்கு பேர் குழுவாகச் சேர்ந்து, வெளியே உண்மையான ஒரு இடத்துக்குப் போய், அங்குள்ள உண்மையான சிக்கலுக்கு ஒரு முறைமை கட்டிக் கொடுக்கவேண்டும்.

அரச பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் நாடளாவிய திறமை அடிப்படையிலும் 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும் 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. அதனால் ஒரே மேசையில் நான்கு மாவட்டப் பிள்ளைகள் இருப்பது இங்கே சாதாரணம். இந்தக் குழுவிலும் அப்படித்தான். கொட்டாஞ்சேனைப் பெடியன் ஒருவன், மட்டக்களப்புப் பெடியன் ஒருவன், மன்னார்ப் பிள்ளை ஒருத்தி, ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த பிள்ளை ஒருத்தி. நால்வரும் உயர்தரத்தைத் தமிழில் படித்தவர்கள். ‘தரவுப் பாய்ச்சல் வரிப்படம்’, ‘முதன்மைச் சாவி’, ‘அந்நியச் சாவி’ என்றெல்லாம் தமிழில் எழுதிப் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு வந்தவர்களுக்கு, முதலாம் வருடம் முதல் நாளிலிருந்து எல்லாம் ஆங்கிலம். இரண்டாம் வருடம் முடிவதற்குள் அவர்களுக்கு அது பழகிவிடுகிறது. நன்றாகவே பழகிவிடுகிறது என்பதுதான் இந்தக் கதையில் பிறகு வரப்போகிற சிக்கல்.

கடை

கடை கொட்டாஞ்சேனைப் பெடியனின் பெரியப்பாவுடையது. காலை ஆறரைக்கே அந்தத் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. லொறி பின்பக்கமாக வந்து நிற்கும், நாட்டாமிமார் தலையில் மூட்டையோடு “வழி, வழி” என்று ஓடுவார்கள், மிளகாய் நெடியில் புதிதாகப் போனவர்கள் தும்மித் தள்ளுவார்கள். கடையின் முன்பக்கம் தராசு, நடுவில் சரக்கு, பின்பக்கம் ஒரு படி உயரத்தில் மேசை. மேசையில் கணக்கப்பிள்ளை. அவர் மலையகத்திலிருந்து பதினேழு வயதில் அந்தக் கடைக்கு வந்தவர். இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார்.

கடையில் கணினி ஒன்று முன்பே இருந்தது. 2022இல் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போன மார்ச் மாதக் கடைசியில் அதை நிறுத்திச் சீலைத்துணி போர்த்திவிட்டார்கள். பிறகு யாரும் துணியை எடுக்கவில்லை. எழுத்துக் கணக்கு ஒரு நாள்கூட நிற்கவில்லை. அதற்கு மெழுகுதிரி போதும்.

கணக்கு இரண்டு புத்தகத்தில் ஓடுகிறது. நாளேட்டில் அன்றன்று நடந்தது வரிசையாக விழும். மாலை நான்கு மணிக்கு மேல் கணக்கப்பிள்ளை அதைப் பேரேட்டுக்கு எடுத்து எழுதுவார். பேரேட்டில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனிப்பக்கம். உச்சியில் பிள்ளையார் சுழி, அதன் கீழே ஊர், ஊருக்குப் பிறகுதான் ஆள் அல்லது கடையின் பெயர். ஒரு பக்கம் பற்று, மறுபக்கம் வரவு. வரவுப் பக்கத்தில் திகதியும் தொகையும் மட்டும் இருக்கும். இந்தக் காசு எந்தப் பில்லுக்கு வந்தது என்று எங்கும் எழுதியிருக்காது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாளியின் மகனுக்கு ஒரு ஆசை இருந்தது: யார் எவ்வளவு தரவேண்டும், அதில் எவ்வளவு பழசு என்று ஒரே பார்வையில் தெரியவேண்டும். நியாயமான ஆசை. முதலாளியும் தலையசைத்தார்.

“ஒரு மாசத்துக்குள்ள”

தேவை அறியும் நேர்காணலுக்கு மாணவர் போனது செமஸ்டரின் மூன்றாம் வாரம். கையில் திணைக்களம் கொடுத்த ஆங்கிலப் படிவம். அதில் ஒரு வரி, கடன் கொடுக்கும் காலம் எத்தனை நாள் என்பது. பெடியன் பெரியப்பாவிடம் தமிழில் கேட்டான்.

“பெரியப்பா, கடனுக்கு எவ்வளவு நாள் குடுப்பியள்?”

“ஒரு மாசத்துக்குள்ள காசு வரவேணும், தம்பி.”

படிவத்தில் ‘30’ என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனான்.

இந்த ஒரு நிமிடத்தைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். முதலாளி பொய் சொல்லவில்லை, மறைக்கவில்லை, தெளிவில்லாமல் பேசவும் இல்லை. அவர் சொன்னதன் பொருள் இது: வாடிக்கையாளர் மாதத்துக்கு ஒரு தடவையாவது ஏதாவது காசு அனுப்பவேண்டும், கணக்கு உயிரோடு இருக்கவேண்டும். பெடியன் எழுதிக்கொண்டது வேறு: ஒவ்வொரு பில்லையும் 30 நாளுக்குள் கட்டி முடிக்கவேண்டும். தமிழில் சொன்ன வசனம் ஆங்கிலப் பெட்டிக்குள் போன அந்த இடத்தில் பொருள் மாறிவிட்டது. இரண்டு பேரும் ஒரே மொழி பேசுகிறவர்கள், ஒரே குடும்பம். அதனாலேயே யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

குடும்பம் என்றதில் இன்னொன்றும் இருக்கிறது. நம் வீடுகளில் சின்னவர்கள் பெரியவர்களிடம் காசு விஷயம் துருவிக் கேட்பதில்லை. “அதென்ன பெரியப்பா, ஒரு மாசத்தில தராட்டில் என்ன செய்வியள்?” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் எல்லாம் வெளியே வந்திருக்கும். அந்நிய ஆள் யாராவது கேட்டிருப்பார். தம்பியின் மகன் கேட்கமாட்டான். தெரிந்தவர் கடை என்றால் உள்ளே போவது சுலபம் என்று நாங்கள் மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். உள்ளே போன பிறகு மரியாதை வாயைக் கட்டும் என்பதை நான் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

கணக்கப்பிள்ளையை யாரும் நேர்காணல் செய்யவே இல்லை. ஆவணத்தில் அவர் ‘தரவு உள்ளிடுபவர்’ என்ற ஒரு வரியாக இருந்தார். அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டவள் நான்.

“மேல இருக்கிறதக் குடு”

வடிவமைப்பு பார்க்க அழகாக இருந்தது. எட்கார் கொட் 1970இல் தரவை அட்டவணைகளாக வைக்கும் தொடர்புசார் தரவு மாதிரியையும், பீற்றர் சென் 1976இல் எது எதோடு தொடர்பு என்று வரைந்து காட்டும் உள்பொருள் உறவுமுறை வரிப்படத்தையும் முன்வைத்தார்கள். இன்றைக்கும் எங்கள் தரவுத்தளப் பாடம் அந்த இரண்டின்மீதுதான் நிற்கிறது. மாணவர் வரைந்த படத்தில் வாடிக்கையாளர், பில், பில் வரி, பொருள், கொடுப்பனவு என ஐந்து உள்பொருள்கள். ஒரு கொடுப்பனவு ஒரு பில்லுக்குச் சொந்தம். அந்தப் பில் எது என்று காட்டும் அந்நியச் சாவி கட்டாயம், வெறுமையாக விடமுடியாது. எந்தப் பாடப்புத்தகத்திலும் இப்படித்தான் இருக்கும்.

பத்தாம் வாரம் முதற் பிழை தெரிந்தது. விலையைப் ‘பொருள்’ அட்டவணையில் மட்டும் வைத்திருந்தார்கள், ஒரே விபரத்தை இரண்டு இடத்தில் வைக்கக்கூடாது என்ற செவ்வன்மையாக்கல் பாடத்தை நம்பி. நான்காம் குறுக்குத்தெருவில் வெங்காய விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இறக்குமதிப் பொருளின் விசேட பண்ட வரி வர்த்தமானியில் மாறினால் அதே நாளில் எல்லாம் மாறும். புது விலை போட்டவுடன் போன வாரப் பில்லின் மொத்தமும் சேர்ந்து மாறியது. அன்றைய விலையும் பொருளின் விலையும் இரண்டு வெவ்வேறு விபரம் என்று புரிந்ததும், விற்ற விலையைப் பில் வரியில் எழுதினார்கள். ஒரு மாலையில் திருத்தம் முடிந்தது. கூச்சல் போடுகிற பிழை இப்படித்தான் சீக்கிரம் அகப்படும்.

மற்றப் பிழை கூச்சல் போடவில்லை. பேரேட்டிலிருந்து நான்கு மாதப் பழைய கணக்கை உள்ளிடும் வேலை ஹற்றன் பிள்ளைக்கு வந்தது. வரவு ஒன்றை உள்ளிடப் போனால் திரை கேட்கும்: எந்தப் பில்லுக்கு? பேரேட்டில் விடை இல்லை. குழுவின் வட்ஸ்அப்பில் அவள் எழுதியது இப்போதும் இருக்கிறது. “இதுல எந்த பில்லுன்னு போடவே இல்ல. என்ன செய்றது?” பதில் ஆறு நிமிடத்தில் வந்தது. “மேல இருக்கிறதக் குடு. டோட்டல் சரியா வந்தாச் சரி.” திரையில் பில்கள் புதியது மேலே, பழையது கீழே என்று அடுக்கப்பட்டிருந்தன. அவள் மேலே இருந்ததையே தெரிவு செய்தாள், நூற்றுக்கணக்கான தடவை.

விளைவை ஒரு மாதக் கணக்கில் காட்டுகிறேன். ஒருவர் 3ஆம் திகதி 185,000 ரூபாவுக்குச் சரக்கு எடுக்கிறார். 10ஆம் திகதி 92,000க்கு எடுக்கிறார். 12ஆம் திகதி 100,000 அனுப்புகிறார். 17ஆம் திகதி 60,000க்கு எடுக்கிறார். 24ஆம் திகதி 120,000 அனுப்புகிறார். நிலுவை 117,000. எப்படிப் பார்த்தாலும் 117,000தான்.

பழையதிலிருந்து கழித்துக்கொண்டு வந்தால் 3ஆம் திகதிப் பில் முழுவதும் தீர்ந்திருக்கும். 10ஆம் திகதிப் பில்லில் 57,000, 17ஆம் திகதிப் பில்லில் 60,000 மிச்சம். ஒழுங்காகக் காசு அனுப்பும் ஒரு வியாபாரியின் கணக்கு.

மேலே இருப்பதிலிருந்து கழித்தால்: 100,000இல் 92,000 புதிய பில்லுக்குப் போகும், அதற்கு மேல் முறைமை ஏற்காது, மிச்சம் 8,000 முதற் பில்லுக்கு. 120,000இல் 60,000 புதிய பில்லுக்கு, மிச்சம் 60,000 முதற் பில்லுக்கு. இப்போது 117,000 முழுவதும் 3ஆம் திகதிப் பில்லில் கிடக்கிறது. அடுத்தடுத்த மாதங்களில் அவர் எடுத்த அளவுக்குக் காசு அனுப்பிக்கொண்டே இருந்தாலும் அது அசையாது. நாள் மட்டும் கூடிக்கொண்டு போகும்: முப்பது, அறுபது, தொண்ணூறு.

அடிக்கடி எடுத்து அடிக்கடி கட்டுகிறவர்தான் இந்தக் கணக்கில் மோசமானவராகத் தெரிவார். ஒரு தடவை எடுத்து இரண்டு மாதம் முகமே காட்டாதவர் அறுபது நாளோடு பட்டியலின் நடுவில் எங்கோ இருப்பார். ஹற்றன் வியாபாரி முதலிடத்துக்கு வந்தது இப்படித்தான்.

சோதனை நடக்கவில்லையா என்று கேட்கலாம். நடந்தது. 40 வாடிக்கையாளரின் நிலுவையைப் பேரேட்டோடு ஒப்பிட்டார்கள். நாற்பதும் சதம் பிசகாமல் பொருந்தியது. பன்னிரண்டாம் வாரம் மகனுக்குக் காட்டினார்கள். அவர் தொண்ணூறு நாள் அறிக்கையை அச்செடுத்துக்கொண்டார். திங்கட்கிழமை தொலைபேசியை எடுத்தார்.

வில்லியம் டிலோனும் எப்ரேம் மக்லீனும் 1992இல் தகவல் முறைமையின் வெற்றியை அளக்க ஒரு மாதிரி தந்தார்கள். அதில் முறைமையின் தரத்தையும் தகவலின் தரத்தையும் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நான் இதை ஒவ்வொரு வருடமும் கற்பிக்கிறேன், பரீட்சையில் கேட்கிறேன். எங்கள் முறைமை விழவில்லை, தாமதிக்கவில்லை, கூட்டல் பிழைக்கவில்லை. அது கொடுத்த தகவல் ஒரு மனிதரைக் கடன் கட்டாதவராகக் காட்டியது. அந்தப் பிரிவினை ஏன் அவசியம் என்று இனி எனக்குப் புத்தகம் பார்த்து விளக்கவேண்டியதில்லை.

கணக்கப்பிள்ளையின் மேசை

முதலாளி வேலையை நிறுத்தச் சொன்னார். திட்டவில்லை. “பிள்ளையளைக் கொஞ்சம் வரவேண்டாமெண்டு சொல்லுங்கோ மிஸ்” என்று எனக்குத் தொலைபேசியில் சொன்னார், அவ்வளவுதான். அவர் தானே ஹற்றனுக்குப் போய் அந்த வியாபாரியைச் சந்தித்தார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஒரு கிழமை கழித்து நானும் நால்வரும் கடைக்குப் போனோம், மாலை நான்கு மணிக்கு, கணக்கப்பிள்ளை பேரேட்டைத் திறக்கும் நேரம் பார்த்து. மடிக்கணினி கொண்டுபோகவேண்டாம், கொப்பியும் பேனையும் போதும் என்று சொல்லியிருந்தேன். முதலில் அவர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு ஹற்றன் பிள்ளைதான் கேட்டாள்.

“ஐயா, காசு வந்தா அது எந்தப் பில்லுக்குன்னு எப்படித் தெரியும்?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “எந்தப் பில்லுக்குன்னு யாரு புள்ள கேட்டா? அவரு காச பில்லுக்கா அனுப்புறாரு? கணக்குக்கு அனுப்புறாரு. கணக்குல வரவு வச்சாச்சு, அவ்வளவுதான்.”

“அப்ப ஒருத்தர் கணக்கு மோசமாப் போகுதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

அவர் பேரேட்டைப் பின்னால் புரட்டி ஒரு பக்கத்தைக் காட்டினார். வேறொரு ஊர்க் கணக்கு. பற்றுப் பக்கம் வழக்கம்போல் ஓடுகிறது. வரவுப் பக்கத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். வரவுக்கும் வரவுக்கும் இடையில் முதலில் ஒரு கிழமை, பிறகு பத்து நாள், பிறகு மூன்று கிழமை, பிறகு ஒரு மாதத்துக்கு மேல். “இடைவெளியப் பாருங்க. தொகையப் பாக்காதீங்க. சின்னத் தொகையா இருந்தாலும் நாள் தவறாம வந்தா மனுசன் நல்லா இருக்காருன்னு அர்த்தம்.” இன்னொன்றும் சொன்னார். சித்திரைப் புத்தாண்டுக்கு முன்பும் தீபாவளிக்கு முன்பும் ஒவ்வொரு கணக்கும் ஒரு தடவை நன்றாக இறங்கவேண்டும். இறங்காவிட்டால் அடுத்த லொறியை ஏற்றுவதற்கு முன் முதலாளியிடம் சொல்வார். அப்படிச் சொல்லிச் சரக்கை நிறுத்திய கணக்குகள் எவை என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்.

பிந்திய திகதி போட்டுத் தரும் செக்கை எப்படிக் கணக்கில் எடுக்கிறார் என்பதையும் அங்கேதான் புரிந்துகொண்டோம். செக் கையில் வந்தவுடன் அவர் பேரேட்டில் வரவு வைப்பதில்லை. தனிக் கொப்பியில் எழுதி, வங்கியில் செக் பாஸான பிறகுதான் பேரேட்டுக்கு எடுக்கிறார். எங்கள் முறைமை வாங்கிய நாளிலேயே வரவு வைக்கும்படி எழுதப்பட்டிருந்தது. நாற்பது நிலுவை சோதித்தபோது இது தெரியாமல் போனதற்குக் காரணம், மாணவர் பேரேட்டில் ஏற்கெனவே ஏறியதை மட்டும் பார்த்து உள்ளிட்டிருந்தார்கள்.

கொட்டாஞ்சேனைப் பெடியன் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒன்றும் பேசவில்லை. வெள்ளவத்தைக்குப் போகும் 101இல் நின்றுகொண்டு, கோட்டை, கொள்ளுப்பிட்டி என்று காலி வீதி நெடுக வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். மறுநாள் குழுவுக்கு அவன் எழுதிய முதல் வரி: “அந்நியச் சாவியை எடுத்துவிடுவோம்.”

இரண்டு ஸ்ரீ

தோண்டத் தொடங்கியபின் இன்னொன்று அகப்பட்டது. அழைப்புக்கு இது காரணமில்லை, ஆனாலும் தமிழில் முறைமை கட்டும் எவருக்கும் வரும் என்பதால் எழுதுகிறேன்.

சில வாடிக்கையாளர் தரவுத்தளத்தில் இரண்டு தடவை இருந்தார்கள். திரையில் இரு பெயரும் ஒன்றுபோலவே தெரியும். தேடினால் ஒன்றுதான் வரும். பெயரின் தொடக்கம் ஸ்ரீ. கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் கொடுக்கும் பொது முறையான யுனிகோடில் அதை இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று ஸ என்ற எழுத்தில் தொடங்கி, மற்றது ஶ என்ற எழுத்தில் தொடங்கி. இந்த ஶ யுனிகோட் 4.1 பதிப்பில், 2005இல் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் வந்த விசைப்பலகைகளும் பின் வந்த சிலவும் ஒன்றையும், வேறு சில மற்றதையும் கொடுக்கும். பெரும்பாலான எழுத்துருக்கள் இரண்டுக்கும் ஒரே உருவம் காட்டும். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு.

‘கொ’வும் இப்படித்தான். ஒற்றைக் குறியாக ொ போட்டும் எழுதலாம், ெ, ா இரண்டையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். பழைய பாமினி எழுத்துருவிலிருந்து மாற்றிய பட்டியலில் இரண்டாம் வகை கலந்திருந்தது. இதற்கு வழி சுலபம்: சேமிக்கும்முன் எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஸ்ரீ அப்படி அடங்காது. யுனிகோட் அந்த இரண்டையும் சமமாகக் கருதுவதில்லை. நாமே ஒரு விதி எழுதி ஒன்றை மற்றதாக மாற்றவேண்டும். மன்னார்ப் பிள்ளை அதை நான்கு வரியில் எழுதி முடித்தாள். தமிழ் படித்த பிள்ளைகள் எழுதும் முறைமையில் தமிழ் ஒழுங்காக நடக்கவேண்டும் என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

முதற்பெயர், குடும்பப்பெயர் என்றிருந்த இரண்டு பெட்டியையும் அதே நாள் எடுத்தோம். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தகப்பன் பெயர் முதலெழுத்தாக முன்னால் நிற்கிறது. பேரேட்டில் இருந்தபடியே ஊர், பிறகு பெயர் என்று வைத்தார்கள். ஊரைக் கொடுத்தவுடன் ஆள் அகப்பட்டார்.

பேரேட்டுப் பக்கங்களைப் படம் எடுத்து வட்ஸ்அப் குழுவில் போட்டிருந்ததையும் அப்போதுதான் கண்டேன். அழிக்கச் சொன்னேன். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் விரிவுரையில் வரும் ஒரு தலைப்பு என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள். யாருக்கு எவ்வளவு கடன் என்பது ஊருக்கே தெரியக்கூடாத விஷயம் என்று சட்டம் இல்லாமலே கணக்கப்பிள்ளைக்குத் தெரியும். வேறு வாடிக்கையாளர் மேசைக்குப் பக்கத்தில் வந்தால் அவர் பேரேட்டின்மேல் கையை வைப்பார்.

மறுபடி வரைந்தது

புதுப் படத்தில் நடுவில் நிற்பது ‘கணக்கு’. அதன் கீழே ‘பதிவு’: திகதி, பற்றா வரவா, தொகை, குறிப்பு. பில் என்பது ஒரு பற்றுப் பதிவோடு சேர்ந்த ஆவணம். வரவு கணக்குக்குச் சொந்தம், பில்லுக்கு இல்லை. செக்குக்குத் தனி அட்டவணை; பாஸான திகதி விழுந்தால்தான் வரவுப் பதிவு உருவாகும்.

கடனின் வயதைத் தரவுத்தளத்தில் சேமிப்பதே இல்லை. வேண்டுமானால் அறிக்கை எடுக்கும் நேரத்தில், பழையதிலிருந்து கழித்துக்கொண்டு வந்து, மதிப்பீடு என்று தலைப்பில் எழுதி அச்சிடும். மகன் இப்போது பார்க்கும் அறிக்கை வேறு. ஒவ்வொரு கணக்குக்கும் கடைசி வரவு எந்த நாள், வழக்கமாக எத்தனை நாளுக்கு ஒரு தடவை வரும், இப்போது எத்தனை நாள் ஆகிறது, போன சித்திரைக்கு முன் நிலுவை எவ்வளவு இறங்கியது. கணக்கப்பிள்ளையின் விரல் பேரேட்டில் இழுத்த கோடு அப்படியே திரைக்கு வந்திருக்கிறது. பழைய நான்கு மாதத்தை வைத்து அந்த அறிக்கையை எடுத்துப் பார்த்தபோது முதலிடத்தில் ஹற்றன் இல்லை. முதலிடத்தில் வந்த பெயரைப் பார்த்துக் கணக்கப்பிள்ளை “இவரத்தான் போன மாசமே முதலாளிக்கிட்ட சொன்னேன்” என்றார்.

புள்ளி

செமஸ்டர் 15 வாரம். மறுவடிவமைப்பு அதற்குள் அடங்கவில்லை. இரண்டு கிழமை நீட்டிப்புக் கேட்டு வாங்கினேன். புள்ளித் திட்டத்தில் ஆவணத்துக்கு இவ்வளவு, வடிவமைப்புக்கு இவ்வளவு, நிரலுக்கு இவ்வளவு என்று இருந்தது. பன்னிரண்டாம் வாரமே கையளித்திருந்தால் இந்தக் குழு வகுப்பிலேயே கூடிய புள்ளி எடுத்திருக்கும், சந்தேகமில்லை. அது என்னைத் தூங்கவிடவில்லை.

இந்த வருடத்திலிருந்து இரண்டு விஷயம் மாற்றியிருக்கிறேன். நேர்காணலில் ஆள் சொன்ன வசனத்தைச் சொன்ன மொழியிலேயே, சொன்னபடியே பின்னிணைப்பில் எழுதவேண்டும்; “ஒரு மாசத்துக்குள்ள காசு வரவேணும்” என்பது அப்படியே இருக்கவேண்டும், ‘30’ அதற்குப் பக்கத்தில் வந்தால் ஏன் வந்தது என்று விளக்கவேண்டும். அடுத்தது, உள்ளிடும் திரையில் ஒவ்வொரு பெட்டிக்கும், இதற்கான விடை இன்றைக்கு எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று காட்டவேண்டும். கொப்பியா, துண்டா, யாருடைய தலைக்குள்ளா? எங்கும் இல்லையென்றால் அந்தப் பெட்டியைத் தொடமுன் என்னிடம் வரவேண்டும். ஹற்றன் பிள்ளை அன்றைக்கு வட்ஸ்அப்பில் கேட்டது இந்தக் கேள்வியைத்தான். சரியான பதில் சொல்ல ஆள் இருக்கவில்லை. குழுவின் இறுதி முன்வைப்பில் அந்தச் செய்தியின் திரைப்பிடிப்பை முதற் பக்கமாக வைத்தது கொட்டாஞ்சேனைப் பெடியன்; அவளிடம் கேட்டுவிட்டே வைத்தான்.

கடையில் இப்போது கணினியின்மேல் துணி இல்லை. பேரேடும் நிற்கவில்லை. கணக்கப்பிள்ளை வழக்கம்போல் நான்கு மணிக்கு எழுதுகிறார். கடைப் பெடியன் அதைப் பார்த்துக் கணினியில் ஏற்றுகிறான். ஏறிய ஒவ்வொரு வரிக்கும் கணக்கப்பிள்ளை சிவப்புப் பென்சிலால் ஓரத்தில் ஒரு சரி போடுகிறார். கடைசியாக நான் போனபோது ஹற்றன் பக்கத்தைத் திறந்து காட்டினார். முழு நிலுவையும் வந்த நாளில் இரட்டைக் கோடு. அதன் கீழே ஏழு கிழமை வெறுமை. பிறகு பற்றுப் பக்கத்தில் செத்தல் மிளகாய் நான்கு மூட்டை, ஓரத்தில் சிவப்புச் சரி.